இனப்பெயர் எதைச் சொல்லும்?

கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியை விட்டு ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் உயர்ந்த மதில்களும், இரும்புக் கேற்றுகளும், அவற்றில் ‘நாய்கள் கவனம்’ என்ற பலகைகளும் கண்ணில் படும். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்க, வயதான தாய்தகப்பன் பெரிய வளவொன்றில் தனியே இருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் கொஞ்சமல்ல. அப்படியான வீட்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பேச்சு ‘சாதி நாய்’க் குட்டியில் போய் நிற்கும். அல்சேஷனா, றொட்வைலரா, டோபர்மனா என்று ஆராய்வார்கள். வீட்டுக்குள் வளர்க்கவென்றால் பொமரேனியனும் பக்கும் கணக்கில் வரும். விற்பவரிடம் கேட்கும் கேள்விகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: நல்லாய்க் குரைக்குமா, ஆளை அண்ட விடுமா, விசுவாசமாய் நிற்குமா, தகப்பன் நாய் என்ன உயரம், என்ன விலை. கடந்த இருபது ஆண்டுகளில் நாய்களின் பரம்பரையியல் கண்டறிந்தவற்றை இக்கேள்விகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. ஒரு நாயின் இனப்பெயர் அதன் உடலைப் பற்றியும் அதற்கு வரக்கூடிய நோய்களைப் பற்றியும் நிறையச் சொல்லும்; குணத்தைப் பற்றிக் கொஞ்சமே சொல்லும். நாமோ குணத்தை இனப்பெயரிடம் கேட்கிறோம், நோயைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. குட்டி வாங்குமுன் செய்யவேண்டிய ஆராய்ச்சி இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நாய் மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கி 15,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் மிகப் பெரும்பகுதியில் நாய்களை வேலையை வைத்தே பிரித்தார்கள்: மந்தை மேய்ப்பது, வேட்டையில் துரத்துவது, வாசலில் கிடப்பது. எது எதோடு சேர்ந்தது என்று எவரும் கொப்பியில் எழுதி வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது மாறியது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் இலண்டனில் கெனல் கிளப் தொடங்கப்பட்டது. அதன்பின் இனம் என்பது ஒரு பதிவேடாயிற்று. பதிவேட்டில் உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குட்டிதான் அதே பதிவேட்டில் ஏறலாம். வெளியிலிருந்து புது இரத்தம் சேரக்கூடாது. அல்சேஷனின் கதையும் இதுதான். 1899இல் மாக்ஸ் வொன் ஸ்ரெபனிற்ஸ் என்ற ஜேர்மன் குதிரைப்படை அதிகாரி ஒரு மேய்ப்பு நாயை வாங்கி, அதற்கு ஹொராண்ட் வொன் கிராப்ராத் என்று பெயர் சூட்டி, அந்த ஆண்டே தொடங்கிய சங்கத்தின் ஏட்டில் முதல் நாயாகப் பதிந்தார். இன்று உலகெங்கும் பரந்திருக்கும் அல்சேஷன்களின் வம்சாவளி அந்த ஒரு நாயிலும் அதைச் சூழ்ந்த சில நாய்களிலும் போய் முடிகிறது. கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வாங்குபவர் தாய்மரத்துப் பழத்தையே தன் வளவிலும் எதிர்பார்க்கலாம். ஒட்டுக்கன்றில் இருப்பவை தாய்மரத்தின் பரம்பரையலகுகளேதான். இனப்பெயரைக் கேட்டுக் குட்டி வாங்குபவரும் மனதுக்குள் ஒட்டுக்கன்றைத்தான் வாங்குகிறார். ஆனால் குட்டி இரண்டு நாய்களின் பரம்பரையலகுகள் குலுங்கிக் கலந்து பிறப்பது. மூடிய பதிவேடு அந்தக் கலப்பின் எல்லையைச் சுருக்குமே தவிர, எல்லாக் குட்டிகளையும் ஒரே அச்சில் வார்த்து விடாது.

அந்த எல்லை சுருங்குவதால் வரும் கேட்டை விளங்கிக்கொள்ளப் பாடசாலை உயிரியலே போதும். ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒரு பிரதி விகாரமடைந்து பழுதாகியிருந்தாலும் பெரும்பாலும் மற்றது வேலையைச் சமாளித்துவிடும். நாய் சுகமாய்த் திரியும். நெருங்கிய உறவுள்ள இரண்டு நாய்கள் சேரும்போதுதான் ஒரே பழுது இரு பக்கத்தாலும் வந்து ஒரே குட்டியில் சந்திக்கிறது. கண்காட்சியில் பரிசு பெற்ற ஒரு ஆண் நாயையே ஊரெல்லாம் இனச்சேர்க்கைக்குத் தேடினால், அடுத்த தலைமுறைக் குட்டிகள் முகம் தெரியாத அண்ணன் தங்கைகளாகிவிடும். 2008இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பதிவேடுகளைக் கணக்குப் பார்த்தபோது, பிரித்தானியாவில் இருந்த சுமார் 10,000 பக் நாய்களின் பரம்பரை வேறுபாடு வெறும் 50 தனி நாய்களின் வேறுபாட்டுக்கே சமமாக இருந்தது. 2021இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த டனிகா பனாஷும் சகாக்களும் 227 இனங்களின் டி.என்.ஏயை ஆராய்ந்தார்கள். உள்ளினப்பெருக்கத்தின் சராசரி ஏறக்குறைய 25 வீதம் என்று கண்டார்கள். கூடப்பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்தால் குட்டியில் வரும் அளவு அது. இலட்சக்கணக்கில் பெருகிய இனங்களுக்கே நிலைமை இதுவென்றால், குடாநாடு போன்ற சிறிய இடத்தில் ஒரு இனத்துக்கு ஒன்றிரண்டு ஆண் நாய்களே புழங்கும்போது என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி டல்மேஷன். மற்ற நாய்களின் ஈரல் யூரிக் அமிலத்தை உடைத்து அகற்றிவிடும்; டல்மேஷனில் எஸ்.எல்.சி.2ஏ9 என்ற பரம்பரையலகின் பழுதால் அது சரிவர நடப்பதில்லை. சிறுநீரில் அமிலம் மிகுந்து, சில நாய்களுக்குக் கல்லாகி வழியை அடைத்துவிடும். தூய டல்மேஷன்களில் இந்தப் பழுது சிலதில் இருக்கிறது, சிலதில் இல்லை என்பதற்கே இடமில்லை, எல்லாவற்றிலும் இருந்தது. எனவே எவ்வளவு நல்ல தாய்தகப்பனைத் தேடினாலும் இனத்துக்குள் மருந்து கிடைக்காது. 1973இல் அமெரிக்காவில் றொபேட் ஷைபிள் என்ற பரம்பரையியலாளர் ஒரு டல்மேஷனைப் பொயின்ரர் நாயோடு ஒருமுறை சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டல்மேஷன்களோடு மட்டும் சேர்த்துவந்தார். புள்ளியும் உருவமும் பழையபடி திரும்பின; பழுதற்ற பரம்பரையலகும் கூடவே நின்றது. அந்த வழிவந்த நாய்களை அமெரிக்கக் கெனல் கிளப் முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011இல். சுகமான ஒரு டல்மேஷன் ஏட்டில் ஏற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. ‘தூய’ என்ற சொல்லுக்கு நாம் காசு கொடுக்கும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை இந்த வரலாறு சொல்லிவிடுகிறது.

எல்லா நோயும் இவ்வளவு நேர்கோடாய் வருவதில்லை. அல்சேஷன், லப்ரடோர், றொட்வைலர் போன்ற பெரிய நாய்களைத் தொல்லைப்படுத்தும் இடுப்பு மூட்டுக் கோளாறில் பல பரம்பரையலகுகளுக்குப் பங்குண்டு, வளர்ப்புக்கும் பங்குண்டு. தொடையெலும்பின் உருண்டை இடுப்புக் குழிக்குள் இறுக்கமாய் இராமல் ஆடுவதால் மூட்டு தேய்ந்து, நடுவயதில் நாய் பின்கால் ஊன்ற முடியாமல் போகும். இங்கே இனத்தை முன்கூட்டி அறிந்தவருக்குக் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லப்ரடோர்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைவாகத் தீன் கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாய்த் தின்றவற்றுக்கு மூட்டுத் தேய்வு பிந்தி வந்ததோடு, அவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. இதே லப்ரடோர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் பரம்பரையலகில் விகாரம் உண்டு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே ‘பாவம், பசிக்குது’ என்று சோறும் மீன்தலையும் அள்ளிப் போடும் வீட்டில் லப்ரடோரின் மூட்டு வெகுகாலம் நிலைக்காது. டோபர்மனில் ஆபத்து இதயத்தில்: ஐரோப்பிய டோபர்மன்களை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இதயத்தசை நோய் அவற்றுள் 58 வீதமானவற்றைப் பிடிப்பதாகக் கணித்தது. குட்டைக்கால் டக்ஸ்ஹண்டில் காலைக் குட்டையாக்கும் பரம்பரை மாற்றமே முதுகெலும்புத் தட்டுகளையும் சீக்கிரம் இறுகச் செய்கிறது. நாம் அழகென்று தேர்ந்த உருவமும் நோயும் ஒரே வேரிலிருந்து வருவதற்கு அது ஒரு உதாரணம்.

கொக்குவில் வாசகருக்கு இதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது: வெக்கை. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ். கடல் சூழ்ந்த இடமாதலால் காற்றில் ஈரமும் அதிகம். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாயிருந்தால் ஆவியாதல் மந்தமாகும். பக், புல்டோக் போன்ற சப்பை மூஞ்சி நாய்களுக்கு மூக்கின் உட்பரப்பே குறுகிவிட்டது. மூச்சுக்குழாய் வாசலும் மிகையான தசையால் நெருக்கப்பட்டிருக்கிறது. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று 9 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. லப்ரடோரோடு ஒப்பிட்டால் வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு பக்குக்கு ஏறக்குறைய 3 மடங்கு, புல்டோக்குக்கு 14 மடங்கு, தடித்த உரோமமுள்ள சௌ சௌவுக்கு 17 மடங்கு. இது இங்கிலாந்தின் கோடையில் கிடைத்த கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் நாய்க்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும். உண்ணியும் இந்தக் கணக்கில் சேரும். எங்கள் நாய்களில் சர்வசாதாரணமான கபில நிற உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோய், அல்சேஷனில் நாட்பட்டு முற்றி, என்பு மச்சையைக் கெடுத்து, இரத்தப்போக்கில் முடியும் சாத்தியம் மற்ற நாய்களைவிட அதிகம். பாவோ வைரசு றொட்வைலர், டோபர்மன் குட்டிகளைக் கடுமையாய்த் தாக்குகிறது. சொறிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்ரின் மருந்து, கொலி இன நாய்கள் பலவற்றில் அளவு கூடினால் மூளைக்குள் புகுந்து நஞ்சாகும். மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் பரம்பரையலகு அவற்றில் பழுதாகியிருப்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள். இவை எல்லாம் இனப்பெயர் தெரிந்ததும் மிருக வைத்தியர் சொல்லக்கூடிய செய்திகள். கேட்க ஆள்தான் வேண்டும்.

குணத்துக்கு வருவோம். 2022 ஏப்ரிலில் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியான ஆய்வுக்கு 18,000க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்கள் விபரம் கொடுத்திருந்தார்கள். 2,000க்கு மேற்பட்ட நாய்களின் டி.என்.ஏயும் வாசிக்கப்பட்டது. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடிய பங்கு ஏறக்குறைய 9 வீதம் மட்டுமே என்று அது முடிவுகட்டியது. இதை ஏற்க மறுப்பவர்களிடம் நல்லதொரு வாதம் உண்டு: மேய்ப்பு நாய் பழக்காமலே மந்தையைச் சுற்றிவளைக்கிறதே, லப்ரடோர் எறிந்ததை எடுத்து வருகிறதே, அது பரம்பரை இல்லையா? பரம்பரைதான். சொல்வழி கேட்பது, பொருளை எடுத்து வருவது போன்ற வேலைக் குணங்களில் இனங்களின் சராசரிகள் விலகி நிற்பதை அதே ஆய்வும் காட்டுகிறது. ஆனால் எந்தக் குணமும் ஒரு இனத்துக்கே சொந்தமாக இருக்கவில்லை. ஒவ்வொரு இனத்துக்குள்ளும் நாய்க்கு நாய் வேறுபாடு பெரிதாக இருந்தது. நாம் அதிகம் கேட்கும் குணத்தில்தான், அதாவது எதற்கு எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதில்தான், இனத்தின் கை மிகவும் தளர்ந்திருந்தது. குணத்தை வார்ப்பதில் குட்டிப் பருவத்துக்குப் பெரும் பங்குண்டு. மூன்றாம் கிழமையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் கிழமை வரை எந்த மனிதரை, எந்தச் சத்தத்தை, எந்த விலங்கைக் கண்டு பழகுகிறதோ அதுவே பின்னாளில் குட்டிக்குச் சாதாரணமாகும் என்று ஜோன் ஸ்கொட்டும் ஜோன் புல்லரும் 1965இலேயே தங்கள் நூலில் காட்டினார்கள். தாயை விட்டு நேரத்தோடு பிரித்து, பகல் முழுக்கக் கூட்டில் அடைத்து, இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் வளர்ப்பில் எந்த இனக் குட்டியும் வெருளியாகவே வளரும். வெருளும் நாய் கடிக்கும். கள்ளனைத்தான் கடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, ரியூசனுக்குப் போகிற பிள்ளையையும் கடிக்கும்.

அப்படியானால் பொல்லாத இனங்கள் என்று அரசுகள் பட்டியல் போடுவது வீணா என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் இந்திய மத்திய அரசு பிட்புல், றொட்வைலர் உட்பட 23 இனங்களை விற்பதையும் பெருக்குவதையும் நிறுத்துமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டோரைக் கேட்காமல் போடப்பட்டது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரிலில் அதை இரத்துச் செய்தது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த அச்சம் பொய்யல்ல. நாற்பது ஐம்பது கிலோ எடையும் அகன்ற தாடையும் உள்ள நாய் கடித்தால் காயம் பொமரேனியன் கடித்த காயமாக இராது. ஆனால் எடையும் தாடையும் உடலின் சங்கதிகள். அவற்றை இனப்பெயர் சரியாகவே சொல்கிறது. கடிக்குமா என்பதை அது சொல்லாது, கடித்தால் என்னவாகும் என்பதைச் சொல்லும். கேற்றை நெடுகப் பூட்டிவைக்க முடியாத வீட்டுக்கும், நாயை இழுத்துப்பிடிக்க வலுவில்லாத முதியவர்களுக்கும் அந்த இரண்டாவது பதிலே போதிய எச்சரிக்கை.

இவ்வளவு தெரிந்தும் தேர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நாகரிகத்திலிருந்து. 2003இல் இந்தியாவில் ஹச் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக், அதுவரை சிலர் மட்டும் வைத்திருந்த இனத்தை வீட்டுக்கு வீடு கேட்கவைத்தது. சென்னைத் தொலைக்காட்சி பார்க்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த ஆசை வந்துசேராமல் இராது. அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வொன்று, இனங்களின் மவுசுக்கும் அவற்றின் நல்ல நடத்தைக்கோ ஆயுளுக்கோ தொடர்பில்லை என்று கண்டது. மவுசு கூடிய இனங்களில் பரம்பரை நோய்கள் கூடுதலாகவே இருந்தன. சந்தை நல்லதைத் தானே தேர்ந்தெடுக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, ஒழுங்கையில் பிறந்த ஊர்நாய்க் குட்டியை எடுத்து வளர்த்தால் போதாதா என்பது அடுத்த ஆட்சேபம். போதும், பலருக்கு அதுவே நல்ல தேர்வு. ஊர்நாயின் தோலும் மூக்கும் இந்த வெக்கைக்கு அளவானவை, அதன் வம்சம் மூடிய ஏட்டுக்குள் சுருங்கியதுமல்ல. ஆனாலும் ‘கலப்பு நாய்க்கு நோய் வராது’ என்ற நம்பிக்கை ஆதாரத்தைத் தாண்டிப் போகிறது. 2013இல் டேவிஸ் வளாகத்தில் 24 பரம்பரை நோய்களை ஒப்பிட்டபோது, 10 நோய்கள் தூய இனங்களில் அதிகமாகவும், 13 இரண்டிலும் சமமாகவும், ஒன்று கலப்பு நாய்களில் அதிகமாகவும் இருந்தன. 2024இல் பிரித்தானியாவில் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் ஆயுளைப் பார்த்த ஆய்வில் தூய இன நாய்களின் இடைநிலை ஆயுள் 12.7 ஆண்டு, கலப்பு நாய்களினது 12. தூய இனங்களுக்குள்ளேயோ இடைவெளி பெரிது: லப்ரடோருக்கு 13 ஆண்டு, பிரெஞ்சுப் புல்டோக்குக்கு 10 கூட இல்லை. தெருவில் உறுதியாய்த் திரியும் கட்டாக்காலி நாய்களைப் பார்த்து அவற்றின் வம்சத்தை எடைபோடும்போது, பாவோவிலும் பசியிலும் குட்டியாகவே செத்துப்போனவை நம் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைக்கவேண்டும். கேள்வி தூயதா கலப்பா என்பதல்ல. எந்த இனம், அதற்குள் எந்தத் தாய்தகப்பன் என்பதே.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி, இங்கே டி.என்.ஏ சோதனைக்கு எங்கே போவது’ என்பது கடைசி ஆட்சேபம், நியாயமானதும்கூட. ஆனால் செய்யக்கூடியவற்றில் பாதிக்குக் காசு தேவையில்லை. தாய் நாயை நேரில் பார்க்கலாம்: அந்நியரைக் கண்டு பதுங்குகிறதா, பாய்கிறதா, மோந்துபார்த்து அமைகிறதா. தாய்தகப்பனின் வயதைக் கேட்கலாம். ஐந்தாறு வயதிலும் நொண்டாமல் ஓடும் நாயின் குட்டி, ஒன்றரை வயது நாயின் குட்டியைவிட நம்பத்தக்கது. பாட்டன் பாட்டி உயிரோடு இருக்கின்றனவா, செத்தவை எதனால் செத்தன என்று கேட்கலாம். கெனல் சங்கம் தரும் கடதாசி உடல்நலச் சான்றிதழ் அல்ல, வம்சாவளி மட்டுமே. ஆனாலும் அதை வாசிக்கத் தெரிந்தால் பயனுண்டு. மூன்று தலைமுறைக்குள் ஒரே பெயர் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் குட்டியை விட்டுவிடுவது உத்தமம். பெரிய இனமென்றால், ஒரு வயது கடந்த தாய்தகப்பனின் இடுப்பு எக்ஸ்றே இருக்கிறதா என்று கேட்கலாம். அது மனிதருக்கு எடுக்கும் எக்ஸ்றேயிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல, மயக்க மருந்தோடு எடுக்கவேண்டியது. எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தர முந்துபவரிடம் வாங்காமல் விடலாம். இந்தக் கேள்விகளுக்கு விற்பவர் சினந்தால் அதுவும் ஒரு பதில்தான். விசர்நாய்க்கடித் தடுப்பூசியும், 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபையில் செய்யவேண்டிய பதிவும் எந்த இனத்துக்கும் விலக்கில்லாதவை. அவற்றை ஆராய்ச்சிக்கு உட்படுத்தவே தேவையில்லை.

வாங்குபவர் கேட்கும் கேள்வி ஒரு குட்டியோடு முடிந்துவிடுவதில்லை. உயரமும் மூர்க்கமும் கேட்கப்படும் வரை வளர்ப்பவர் உயரத்துக்கும் மூர்க்கத்துக்கும் சேர்க்கை செய்வார்; இடுப்பு எக்ஸ்றே கேட்கப்பட்டால் எக்ஸ்றே எடுத்த நாயைச் சேர்ப்பார். எந்த ஏட்டு விதியும் தடுக்காதபோதுகூட ஒரே ஆண் நாயை ஊர் முழுக்கத் தேட வைப்பது வாங்குபவரின் ஆசைதான். அதை மாற்றக்கூடியதும் அவரது கேள்விதான். ஆகவே இனத்தைத் தேர்வதை வெக்கையையும் நோயையும் எடையையும் வைத்துச் செய்யவேண்டும், அதற்கு இனப்பெயர் நம்பத்தக்க வழிகாட்டி. குட்டியைத் தேர்வதைத் தாயின் நடத்தையையும் வளர்ந்த இடத்தையும் வைத்துச் செய்யவேண்டும், அங்கே இனப்பெயருக்கு வேலை குறைவு. காவலுக்கென்று வரும் நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டில் நிற்கப்போகிறது. அதற்கு ஒரு கிழமை விசாரித்து அலைவது பெரிய செலவல்ல.